அழப் பழக்கினாள்

குழந்தை பட்டாணி பிறந்த வீட்டில் தூக்கிவைக்க இடுப்புக்குப் பஞ்சமில்லை. அம்மா தையல் ஆலைக்குப் போனால் அம்மாவின் அக்கா தூக்கிக்கொள்வாள். அவளுக்குக் கை ஒழியாவிட்டால் மாமா, அவரும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரி. அக்காவுக்கும் அப்போது கைக்குழந்தை. பசித்தால் யார் பால் என்றுகூடப் பட்டாணி பார்த்ததில்லை.

அம்மாவைப் பிரிந்துபோன புருஷன் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டான். பிள்ளை தாயோடு ஒட்டுதலாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல நீதிமன்றம் ஓர் ஆலோசகியை நியமித்தது. தனி வீட்டில், தனி அறையில், ஒரே ஒரு அம்மாவிடம் வளர்ந்தவர் அவர்.

பொம்மைகள் பரப்பிய அறை. ஆலோசகி சொன்னபடி அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பட்டாணி கதவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தவழ்ந்துபோய் ஆலோசகியின் மடியில் ஏறி, அவருடைய கண்ணாடியைப் பிடுங்கினாள். அம்மா திரும்பி வந்ததும் சிரித்தாள். மறுபடி கண்ணாடியைக் கடிக்கப் போய்விட்டாள்.

"நீங்க போனப்போ குழந்தை அழவே இல்லையே."

"யார்கிட்ட விட்டாலும் இருப்பா மேடம். எல்லாரும் தூக்கி வளர்த்த பிள்ளை."

"அம்மான்னா ஒரு தவிப்பு இருக்கணும்மா. எல்லா மடியும் ஒண்ணுன்னா, அவளுக்கு அம்மான்னு ஒருத்தி இல்லைன்னுதான் அர்த்தம். அடுத்த மாசம் இன்னொரு தடவை பாக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் அக்காவிடம் சொன்னாள்.

"இனிமே நீ அவளைத் தொடாதே."

"என்னடி பேசுறே? பசிச்சா?"

"பசிச்சா என்கிட்ட வரட்டும்."

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையோடு மாடி அறைக்குப் போனாள். பட்டாணியைத் தனியே உள்ளே விட்டு, வெளியே வந்து தாழிட்டாள். முதலில் பிள்ளை கதவைத் தட்டி விளையாடியது. சில நாளில் அழத் தொடங்கியது. தொண்டை கட்டும்வரை காத்திருந்து, உள்ளே போய் வாரியெடுத்து முத்தமிட்டாள். பிறகு மறுபடியும் தாழிட்டாள்.

இரண்டு பிள்ளைக்குச் சுரந்த மார்பில் பால் கட்டிக்கொண்டு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பிள்ளையின் அழுகை பொறுக்க முடியாமல் ஒருநாள் மாடி ஏறினாள்.

"கதவைத் திறடி. பிள்ளை செத்துரும்."

"சாக மாட்டா. அழுதாத்தான் எனக்குக் கிடைப்பா."

தாழில் கைவைத்த அக்காவை அவள் பிடித்துத் தள்ளினாள். அக்காவின் முழங்கை சுவரில் உரசிச் சிராய்த்தது.

அடுத்த தடவை ஆலோசகியின் அறையில் அம்மா நாற்காலியை விட்டு எழுந்ததுமே பட்டாணி அலறினாள். கதவு சாத்தியதும் மூச்சடைத்து உதடு நீலம் பாய்ந்தது. ஆலோசகி கைநீட்டியபோது சுவரோரம் ஒடுங்கிக்கொண்டாள்.

"இப்பத்தான் பாசம் தெரியுது," என்றார் ஆலோசகி மனம் நிறைந்து.

பிள்ளை அம்மாவுக்கே என்று தீர்ப்பானது.

லீவு முடிந்த காலையில் அவள் பட்டாணியை அக்காவிடம் நீட்டினாள். பிள்ளை வீறிட்டு, அம்மாவின் கழுத்தில் நகம் பதியப் பற்றிக்கொண்டது. அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"ஆசைப்பட்டபடி உன் பிள்ளையாவே ஆயிட்டா. நீயே வெச்சுக்கோ."

தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தெருமுனையில் ஆலை வண்டி ஹாரன் அடித்தது. அம்மா சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. வண்டி கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.