நாலு கான் காற்றெண்ணெய்

குலசிங்கத்திடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கள்ளும் இல்லை, சீட்டும் இல்லை. வாகனத்துக்கென்று கிடைக்கிற எண்ணெயில் ஒரு பங்கை ஒளித்து வைக்காவிட்டால் அந்த மனுசனுக்கு நித்திரை வராது. யுத்த நேரம் பெற்றோலுக்குத் தடை போட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெற்றோல் வரிசையில் மூன்று நாள் காருக்குள்ளேயே கிடந்தவர். அப்படிப்பட்ட ஆளிடம் போய், தருகிற எண்ணெய் முழுவதையும் அப்படியே ஊற்றி ஓட்டுங்கள் என்று சொன்னால் கேட்பாரா? கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

நிலாவெளியில் ஒரு பெரிய ஹோட்டல். அதன் வாசலில் வாடகைக்கு நிற்கிற பதின்மூன்று வாகனங்களில் குலசிங்கத்தின் நிசான் சணி காரே ஆகப் பழசு. அதற்கு அடுத்தது கிண்ணியாக்கார முனீபின் பெற்றோல் வான். அது கரும்புகை தள்ளாத நாள் கிடையாது. பின்னால் வருகிறவன் ஏசிக்கொண்டுதான் வருவான். இருவரும் இருபது வருடமாக ஒரே வேப்பமர நிழலில் நின்றவர்கள். ஒருநாள் ஹோட்டல் மனேஜர் பதின்மூன்று பேரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: புதுவருடம் பிறந்தால் வாசலுக்குள் மின்சார வாகனம் மட்டும்தான். புதுசு வாங்க இவர்களில் யாருக்கு வக்கிருக்கிறது?

அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுக் கொம்பனி வந்து இறங்கியது. காற்றையும் தண்ணீரையும் வைத்து, கரண்டால் எண்ணெய் காய்ச்சுகிறார்களாம். பழைய எஞ்சினிலேயே ஊற்றி ஓடலாமாம், புகை இராதாம். சாரதிகள் அதற்குக் காற்றெண்ணெய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொம்பனியின் எஞ்சினியர் நிரோஜினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஆகப் பழைய காரைத் தேடி வந்து குலசிங்கத்தைப் பிடித்தாள்.

"மூண்டு மாசம் இதிலை மட்டும் ஓடுங்கோ ஐயா. வேறை ஒண்டும் கலக்கக்கூடாது. கடைசியிலை புகைச் சோதனை. அது சரிவந்தால் சீனன்குடாவிலை எங்கடை டிப்போ வரும்."

அந்த எண்ணெயில் ஓடுகிற வாகனங்களை உள்ளே விடுவதாக மனேஜரும் ஒப்புக்கொண்டார். முதல் பீப்பாயைத் திறந்த அன்று பதின்மூன்று பேரும் மூக்கை நீட்டி மணந்து பார்த்தார்கள். பெற்றோல் நெடியே இல்லை. அணைத்த மெழுகுதிரியின் மணம் மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

முனீப் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். ஹோட்டல் தான் வாங்கப்போகிற மின்சாரக் காருக்கு அவனைச் சாரதியாகக் கேட்டிருந்தது.

"இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணுமாம் அண்ணன். என்ன செய்யட்டும்?"

"ஆரின்ரையோ காருக்குச் சம்பளக்காரனாப் போகப்போறியே? பேசாமல் இரு. எங்கடை வாகனத்திலையே ஓடலாம். நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீங்க சொன்னாச் சரிதான்" என்றான் முனீப். அந்த வேலை வேறொருவனுக்குப் போனது.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவர் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை இருபது லீற்றர் கொடுத்தார்கள். இரண்டு கிழமை நேர்மையாகவே ஓட்டினார். மூன்றாம் கிழமை கப்பல் பிந்தி, எண்ணெய் ஒரேயொரு நாள் தாமதமாக வந்தது. ஒரேயொரு நாள்! அதற்கே ஆள் வெறுங்கான் தேடப் போய்விட்டார். அன்றிலிருந்து கிழமைக்கு இரண்டு லீற்றரை எடுத்துப் பிளாஸ்ரிக் கானில் ஊற்றி, குசினிக்குப் பின்னால் சாக்கால் மூடி வைத்தார். குறைந்த இரண்டு லீற்றருக்கு மண்ணெண்ணெய். கார் ஓடியது. ஓடுகிறது தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார், பாவி மனுசன்.

மார்கழியில் புகைச் சோதனை. துறைமுக வாசலில் காரின் புகைக்குழாய்க்குள் குழாய் ஒன்றைச் செருகி, மெசினைப் பார்த்தாள் நிரோஜினி. இன்னொருமுறை பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"பெயில். எஞ்சின் பழசு. இந்த எண்ணெய் பழைய எஞ்சினுக்குச் சரிவராது எண்டுதான் நான் எழுதவேணும்."

குலசிங்கம் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரின் எண்ணெய்த் தாங்கியைக் கழுவி மறுபடி ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ஆனால் பின்னால் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். முனீப் கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்க்கிறான். வெட்கமாகப் போய்விட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் கொம்பனிக்குத் தனியாகப் போனார். நிரோஜினி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இன்னொருக்கால் பாக்க ஏலாதே?"

"ஏலாது ஐயா, அறிக்கை போயிட்டுது. உண்மையைச் சொல்லப்போனால், இதிலை ஒரு லீற்றர் காய்ச்சிற கரண்டுக்கு மின்சாரக் கார் நாலைஞ்சு மடங்கு தூரம் ஓடும். மேலிடத்துக்கு முதலே மனமில்லை. ஒரு நல்ல முடிவு காட்டினால் இன்னும் ஒரு வருசம் தாறம் எண்டவை. அதுவும் போச்சு."

ஒரு வருசம். பதின்மூன்று குடும்பத்துக்கு ஒரு வருசச் சோறு. குலசிங்கம் அவளுடைய பெட்டியை வாசல்வரை தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

புதுவருடம் பிறந்தது. ஹோட்டல் வாசலில் சங்கிலி போட்டார்கள். ஜனவரி இரண்டாம் திகதி காலை, சாம்பல்தீவில் குலசிங்கத்தின் வீட்டுக்கு முன்னால் முனீபின் வான் இருமி இருமி வந்து நின்றது.

"எண்ணெய் முடிஞ்சிட்டு அண்ணன். கந்தளாயில ஒரு ஆள் வானப் பழைய இரும்புக்கு எடுக்கிறானாம். அங்க போய்ச் சேர்றதுக்கு ஏதும் இரிக்கா?" பிறகு அவனே அவருக்கு ஆறுதலும் சொன்னான். "நீங்க மனசப் போட்டு ஒடைக்காதீங்க. எண்ணெய் சரியில்லாட்டி நீங்க என்ன செய்ற?"

"இல்லையடா, ஒரு சொட்டும் இல்லை" என்று குலசிங்கம் சொல்லி முடிப்பதற்குள், மனைவி புஷ்பவதி பின்பக்கத்தால் ஒரு கானோடு வந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, பின்னுக்கு நாலு கான் கிடக்கு. மறந்திட்டியளே?"

முனீப் சிரித்துக்கொண்டே வாங்கி, மூடியைத் திறந்தான். மணந்தான். சிரிப்பு நின்றது. மறுபடியும் மணந்துவிட்டுக் குலசிங்கத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"இது அந்த எண்ணெயெல்லோ."

"ஓம்."

"அப்ப கார்ல என்னத்த ஊத்தின?"

"கொஞ்சம் மண்ணெண்ணெய்... கொஞ்சம்தான்."

"ஏன் அண்ணன்?"

"ஒண்டும் இல்லாமப் போற நாளைக்கு உதவும் எண்டு எடுத்து வைச்சனான்."

முனீப் ஏசவில்லை. ஏசியிருந்தால் குலசிங்கம் தாங்கியிருப்பார். கானை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அந்த நாள் வந்திட்டு. ஊத்துங்க."

குலசிங்கம் வானின் தாங்கியில் ஊற்றினார். பாதி நிலத்தில் சிந்தியது. முனீப் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறித் திறப்பைத் திருகினான். வான் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

குலசிங்கம் வெறுங்கானோடு வீதியில் நின்று, போகிற வானின் புகைக்குழாயையே பார்த்தார். தொடக்கத்தில் கொஞ்சம் கரும்புகை வந்தது. கோயிலடி தாண்டும்போது அதுவும் நின்றுவிட்டது. வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்தார். அந்தப் பழைய எஞ்சினிலிருந்து ஒரு புகையும் வரவில்லை.