இடப்பக்கம் சாயும் படகுக்கு ஒரு பாலிசி

கண்ணாடிக்கடைக்காரரின் அக்கா கல்யாணமாகி வெளியூர் போனபோது தன் எடையைப் படகிலேயே விட்டுவிட்டுப் போனாள். பெட்டி, படுக்கை, தையல் மெஷின் எல்லாம் லாரி ஏறிவிட்டன. எடை மட்டும் படகின் இடப்பக்கத்தில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் தங்கிவிட்டது. படகுத்துறையில் ஆளில்லாமல் கட்டிக்கிடக்கும் மரப்படகு ஒருக்களித்து நிற்பதை ஏரிக்கரையில் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் சாக்கடை அடைப்பு வந்தது, அதைப் பற்றிப் பேசினார்கள்.

அக்கா தம்பி இருவருமே வெகுகாலம் கல்யாணம் செய்துகொள்ளாமல், கீழே கடை, மேலே வீடு என்று காலம் தள்ளியவர்கள். தம்பி லென்ஸ் தேய்ப்பார், அக்கா ஃப்ரேமில் பொருத்துவாள். அந்தப் படகை வாலிபத்தில் பாதிப் பாதி போட்டு வாங்கினார்கள். அவர்கள் இருவரையும்விட அதற்கு வயது அதிகம். வருஷா வருஷம் கரையேற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, விடுமுறை நாளில் ஏரியில் இறங்கி, போகும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு திரும்புவார்கள். தலை நரைத்த பிறகு ஒரு ரயில்வே குமாஸ்தா கண்ணாடி ரிப்பேருக்கு வந்தார். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். மனுஷர் வேண்டுமென்றே உடைத்துக்கொண்டு வருகிறார் என்பது தம்பிக்குக் கடைசியில்தான் உறைத்தது. அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கல்யாணத்தன்று தம்பி எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார், வீட்டுக்கு வந்து பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குச் சமைத்தார். தனியாக இருப்பது என்றால் என்ன என்று அந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொள்வது லேசான காரியமில்லை. நல்லவேளையாகப் படகு இருந்தது. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து அந்த எடைக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் சொல்வார். இப்படியே சில வருஷம் ஓடிற்று.

இன்சூரன்ஸ் இல்லாத படகை இனித் துறையில் கட்ட விடமாட்டோம் என்று படகுத்துறை அலுவலகம் சொன்னபோதுதான் வில்லங்கம் ஆரம்பித்தது. மரப்படகு என்று கேட்டதுமே பாதி கம்பெனிகள் போனை வைத்துவிட்டன. கடைசியில் பழைய படகுகளுக்கென்றே பாலிசி போடும் ஒரு பெண் கிடைத்தாள். அவள் நிதானமாக விளக்கினாள்.

“சந்தை விலைக்குப் போட்டா வருஷா வருஷம் மதிப்பு இறங்கிட்டே போகும் சார். நாளைக்கே படகு முழுகிச்சுன்னா, வர்ற காசு துடுப்பு வாங்கக்கூடப் பத்தாது. உங்க படகுக்கு ஒத்துக்கிட்ட மதிப்புல போடறதுதான் சரி. எவ்வளவுன்னு இப்பவே பேசி முடிச்சிடலாம், பின்னாடி பேரமே கிடையாது. ஆனா எங்க சர்வேயர் வந்து படகைச் சோதிச்சுப் பாப்பாரு.”

சர்வேயர் வருகிற அன்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கோமாளித்தனம் செய்தார். வலப்பக்கத்தில் மணல்மூட்டைகளை அடுக்கிப் படகை நேராக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சர்வேயர் சிறு சுத்தியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஊசியால் குத்திப் பார்த்து, மரத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு மூட்டைகளைக் காட்டி, “இதையெல்லாம் எடுங்க” என்றார். எடுத்தார்கள். படகு சாய்ந்தது. உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. சர்வேயர் இடப்பக்கப் பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

“பொம்பளை எடை. உங்களைவிட நாலஞ்சு வயசு மூத்தவங்க. கொஞ்சம் பிடிவாதக்காரங்க போல. இதை மறைச்சு பாலிசி எடுத்தீங்கன்னா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி கையை விரிச்சிடும் சார்.”

வழி இரண்டு என்றார். ஒன்று, அந்த அம்மாளை நிரந்தரப் பயணியாகப் பாலிசியில் சேர்ப்பது. அதற்கு அந்த அம்மாளின் கையெழுத்து வேண்டும், பிரீமியமும் கூடும். இல்லையென்றால் அவரே வந்து எடையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். படகு நேராக நின்றால் கேள்வியே இல்லை. கண்ணாடிக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை, நிரந்தரப் பயணி என்றார். அவருக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். உடனே அக்காவுக்குப் போன் போட்டார். அத்தான் எடுத்தார்.

“அக்கா எங்க அத்தான்?”

“மேல இருக்கா.”

“மாடியிலயா?”

“மாடி ஏதுப்பா நமக்கு? விட்டத்துகிட்ட இருக்கா. ஜன்னலைச் சாத்திட்டுக் கூப்பிடறேன், இரு.”

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல் வந்தது. பாலிசி விஷயத்தைச் சொல்லிவிட்டு, விட்டத்தைப் பற்றிக் கேட்டார். “ஒண்ணுமில்லடா. வெளிய போறப்போ பையில கல்லு போட்டுக்கறேன். இவரு கையைப் பிடிச்சுக்குவாரு. பழகிடுச்சு. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு.”

“ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லல?”

“சொன்னா நீ எடுத்துட்டுப் போன்னுவ. அப்புறம் படகுல உனக்கு ஆள் யாரு?”

போனை வைத்துவிட்டு கண்ணாடிக்கடைக்காரர் கடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து வீணாக்கினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அங்கே அவள் செருப்பு தரையில் பாவாமல் அலைகிறாள், இங்கே நாம் அவள் கனத்தின் மேல் சாய்ந்துகொண்டு கதை பேசியிருக்கிறோம். ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த எடையும் போய்விட்டால் சாயங்காலம் எங்கே போவது? இன்சூரன்ஸ் பெண் கூப்பிட்டபோதெல்லாம் கடையில் கூட்டம் என்று பொய் சொன்னார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். துறைக்காரர்கள் கெடு வைத்தார்கள். அதற்கும் மசியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், ஒரு நாள் பலத்த காற்று அடித்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகை பிய்த்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, அக்காவை நினைத்துப் பதறி, கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அத்தானுக்குப் போன் செய்தார். அக்காவை உடனே கூட்டி வாருங்கள் என்றார்.

அவர்கள் ரயிலில் வந்தார்கள். அத்தான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார், அவர் மூக்குக் கண்ணாடி உடைந்திருந்தது, இந்தத் தடவை நிஜமாகவே. அக்கா படகில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

“வார்னிஷ் ஒரு கோட்டு கம்மியா அடிச்சிருக்க.”

“எல்லாம் போதும்.”

“போதாது. வெயில்ல வெடிச்சிடும்.”

இருவரும் ஆசைதீரச் சண்டை போட்டார்கள். அத்தான் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு தம்பி கையை நீட்டினார். “எந்திரி, அக்கா.”

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. “நிஜமாத்தான் சொல்றியா?” என்று கேட்டாள். அவர் தலையாட்டினார், நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் எழுந்தாள். படகு மெல்ல நிமிர்ந்து நேராக நின்றது. கரையில் அவள் வைத்த முதல் அடி சேற்றில் பதிந்தது. “எவ்வளவு கனம்டா நான்!” என்று சிரித்தவள் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைய ரயிலிலேயே திரும்பிப் போனார்கள்.

ஒத்துக்கொண்ட மதிப்பில் பாலிசி வந்தது. படகை யார் யார் பயன்படுத்துவார்கள் என்று இன்சூரன்ஸ் பெண் கேட்டபோது, “நான் ஒருத்தன்தாம்மா” என்று முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சொன்னார். அடுத்த விடுமுறையன்று படகில் ஏறி எப்போதும் உட்காரும் வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். படகு கவிழப் பார்த்தது, அவர் முழங்கால்வரை நனைந்தார். துறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு பலகையின் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு துடுப்பையும் தானே எடுத்துக்கொண்டார்.