நீதிபதி தப்பாகச் சொன்ன வசனம்

பளார்!

திரும்பிப் பார்த்தேன். கோர்ட் வாசலில் எங்கள் செட் உதவியாளன் ஸாஷோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும்.

"கிழிச்சியே, உங்கப்பன் வீட்டுக் கதவாடா இது?"

"ஷூட்டிங்மா! கேமராவுல தெரியும்!"

"தெரியட்டும்! அதுக்குத்தானே ஒட்டினேன்!"

ஸாஷோ கையில் பாதி கிழிந்த இரங்கல் அறிவிப்பு. எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கதவிலும் வருஷா வருஷம் செத்த தேதிக்கு ஒட்டுகிற காகிதம்தான். போட்டோவில் ஓர் இளைஞன் சிரித்தான். 'எங்கள் ப்ளாமென் இல்லாமல் ஒன்பது ஆண்டுகள். அம்மா டோன்கா.' ஆனால் அதை வீட்டுக் கதவை விட்டுவிட்டு கோர்ட் கதவில் ஒட்டுகிறவளை அன்றுதான் பார்த்தேன்.

டைரக்டர் லூபென் உள்ளேயிருந்து ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"இந்தக் குரல்! இந்தக் குரல்தான் வேணும் எனக்கு!" என்றார்.

எங்கள் தொடரில் கதாநாயகன் பகலில் தபால்காரன். ராத்திரியில், கோர்ட் விட்டுவிட்டவர்களைத் தேடிப்போய்த் தீர்த்துக்கட்டுவான். அன்றைய எபிசோடில் பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் காரை ஏற்றி ஒரு பையனைக் கொன்றுவிடுகிறான். நீதிபதி அவனை விடுதலை செய்கிறார். பையனின் அம்மா கூட்டத்திலிருந்து கத்த வேண்டும்.

"ஒரே வரி அக்கா. 'இதுவா நீதி?' அவ்வளவுதான். காபி, சூடா பனிட்சா பலகாரம் எல்லாம் உண்டு."

"உன் பனிட்சாவை நீயே தின்னு" என்று டோன்கா நகர்ந்தாள்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஊன்றுகோலுடன் ஒரு பெரியவர் இறங்கினார். க்ருமோவ். இதே கோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். நடிகருக்குப் பதிலாக நிஜ நீதிபதியையே உட்காரவைப்பது லூபெனின் யோசனை. அங்கிக்கும் செலவில்லை.

டோன்கா அவரையே பார்த்தாள். பிறகு லூபெனிடம் திரும்பினாள்.

"நான் எங்க நிக்கணும்?"

அவளுக்கு மைக் மாட்டிவிடும்போது விசாரித்தேன்.

"என் பையன் மேல காரை ஏத்தினவனை விட்டது இந்த ஆளுதான்பா. சாட்சி மூணு பேர். எல்லாரும் பார்த்தேன்னாங்க. அப்புறமும் விட்டாரு. ஏன்னு யாரும் சொல்லல. வீட்டுக்குப் போய்க் கேட்டா கதவைத் திறக்கல. இங்கேயாவது மூஞ்சியைப் பார்க்கலாம்ல?"

ஓடிப்போய் லூபெனிடம் சொன்னேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார். "அழுகை நிஜமா வரும். முதல் வரிசையில நிறுத்து."

காட்சி ஆரம்பித்தது. தீர்ப்பைக் கேட்க எல்லோரும் எழுந்து நின்றார்கள். க்ருமோவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். கடைசி வரிக்கு முன் தலையை நிமிர்த்தினார். எதிரே டோன்கா. அவள் நெஞ்சோடு பிடித்திருந்த கிழிந்த காகிதத்தில் ப்ளாமென்.

"குற்றவாளி" என்றார் க்ருமோவ்.

"கட்! ஐயா, 'விடுதலை'ன்னு வரணும்."

"ஆமா. ஆமா. மன்னிச்சுக்குங்க."

மறுபடி வாசித்தார். மறுபடி நிமிர்ந்தார்.

"குற்றவாளி."

மூலையில் தபால்காரன் உடுப்பில் நின்ற எங்கள் கதாநாயகனுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அவனை நீங்களே உள்ள தள்ளிட்டா நான் யாரைக் கொல்றது? என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். க்ருமோவ் சிரிக்கவில்லை. டோன்காவும்தான்.

மூன்றாவது தடவை அவர் வாயே திறக்கவில்லை. லூபென் மேடையேறிக் கெஞ்சினார்.

"ஒரே வார்த்தை ஐயா! காலம் பூரா இந்த நாற்காலியில உக்காந்து சொன்னதுதானே? அக்கா, நீங்களாவது கத்துங்க. அதை வெச்சு எப்படியாவது ஒப்பேத்திக்கறேன்."

டோன்கா ஓர் அடி முன்னே வந்தாள். கத்தப்போகிறாள் என்று ஒலிப்பதிவுக்காரர் மைக் சத்தத்தைக் குறைத்தார். அவளோ பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலத்தான் கேட்டாள்.

"இன்னிக்கு வாய்ல வர்ற வார்த்தை அன்னிக்கு ஏன்யா வரல?"

யாரும் கட் சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. க்ருமோவ் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அன்னிக்கும் இதைத்தாம்மா எழுதி எடுத்துட்டு வந்தேன். படியேறிட்டிருக்கும்போது மந்திரி வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு."