பம்பருக்கு ஒரு வழி

"இன்னும் ஒரு மூச்சு! தள்ளுங்கடா!" என்று வாசலில் எத்திராஜ் கத்தினார். எட்டுப் பேர் குனிந்து முக்கினார்கள். அம்பாசிடர் கோயில் நந்தி மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

கூடத்தில் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நாகம்மாளுக்கு ஜன்னல் வழியாக அந்தக் கூத்து முழுக்கத் தெரிந்தது. கார் கேட்டுக்கு நடுவில் மூக்கைத் தெருவுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம். துக்கத்துக்கு வந்தவர்கள் மாலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, உடம்பைத் திருப்பித்தான் உள்ளே வர முடிந்தது. ஆள் வரலாம், பாடை எப்படிப் போகும்? பாடை கட்டித் தெருவில் வைத்தாயிற்று. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும்.

மூன்று வாரமாக இந்த வீட்டில் பம்பரைத் தவிர வேறு பேச்சில்லை. மனுஷன் காலையில் செத்தே போய்விட்டார், பேச்சு மட்டும் மாறவில்லை. நாகம்மாளுக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

கோவிந்தராஜ் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் டெஸ்ட் டிரைவர். முப்பது வருஷம் மலை மாதிரி வண்டிகளைச் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டிப் பார்த்தவர். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருமுல்லைவாயிலில் இந்த வீட்டைக் கட்டி, பழைய அம்பாசிடர் ஒன்றையும் வாங்கி நிறுத்தினார். அந்தக் கார்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் கேட் தூணில் மோதியது. பளபளவென்று இருந்த முன் பம்பரின் இடது முனை மடங்கி டயர் பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்றிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம். இப்போதும் அதேதான் நடந்தது.

"கேஸ் வச்சி பழுக்கக் காச்சி நிமித்தியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றார் எத்திராஜ். ஃபேக்டரியில் வெல்டர்.

"காச்சினா மேல் பூச்சு கருகிடும்யா. கயட்டி, கட்டைல வச்சி தட்டி, மறுபடியும் நிக்கல் போட்டிருக்கணும்" என்றார் வீராசாமி. அவர் ஃபிட்டர்.

"புதுப்பேட்டைக்குப் போனா வேற பம்பரே கெடைக்கும்னு தலபாடா அடிச்சிக்கினேன், நைனா கேக்கல" என்றான் பாஸ்கரன், நாகம்மாளின் ஒரே பிள்ளை. கொரட்டூரில் பேங்க் உத்தியோகம். கார் ஓட்டத் தெரியாது, கருத்துச் சொல்லத் தெரியும்.

"எவன் பேச்சைக் கேட்டான் அவன்? மரத்துல சங்கிலிய கட்டி, வண்டிய ரிவர்ஸ்ல இழுத்தா தானா நிமிரும்னான். காலங்காத்தால அத்தத்தான் செஞ்சிருக்கான், பாரு" என்றார் எத்திராஜ்.

சங்கிலி அப்படியே இருந்தது. ஒரு முனை பம்பரில், மறு முனை எதிர்ச்சாரிப் புங்கமரத்தில். பம்பர் பாதிதான் நிமிர்ந்திருந்தது. அதன் நுனி இப்போதும் டயருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

வீராசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "டேங்க் ஓட்டுனவன்யா! போயும் போயும் சொந்த ஊட்டு கேட்ல இடிச்சிட்டானே. ஃபேக்டரியே சிரிச்சிது."

நாகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கேலியை மூன்று வாரமாக வெட்கமே இல்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டாரே மனுஷன்! இடித்தது அவர் இல்லை. அவள்.

ஐம்பத்து மூன்று வயசில் அவளுக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. விடியலில் அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸ் வாங்கும் வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. கெத்தாக வீட்டு கேட்டுக்குள் திருப்பிய அன்றைக்குத்தான் தூண் குறுக்கே வந்தது. சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடுவதற்குள் அவளை இறங்கச் சொல்லி, அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டார். "தூணையே பாத்துக்கினு வந்தா தூண்லதான்டி மோதும். போவ வேண்டிய எடத்த பாரு" என்று அப்புறம் திட்டினார். பம்பரைக் கழற்றவோ வெட்டவோ மட்டும் விடவில்லை. "உன் கையால மடங்குச்சி, உன் கையாலயே நிமிரட்டும்."

காலையில் அதைத்தான் செய்தார்கள். அவள் ஸ்டியரிங்கில். அவர் கேட் தூண் பக்கத்தில் நின்று கை காட்டினார். வா, வா, இன்னும் கொஞ்சம். பம்பர் முனகிக்கொண்டு வெளியே வந்தது. திடீரென்று அவர் கையை உயர்த்தினார். போதும் என்கிறார் என்று நினைத்து பிரேக்கை மிதித்தாள். கை கீழே இறங்கவில்லை. "போதுமா, வேணுமா? ஒயுங்கா சொல்லுய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அவர் தூணைப் பிடித்தபடியே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அவரிடம் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு வேறு வார்த்தையா கிடைக்கவில்லை?

"பின்பக்கச் சந்து வழியா எடுத்துட்டா இன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாசல் இருக்கச்சொல்லோ சந்து வழியா எடுக்கறதுக்கு அவன் இன்னா திருடிட்டா செத்தான்?" என்று எத்திராஜ் சீறினார். "வண்டி நூட்டர்லதான் கீது, நானே பாத்தேன். பம்பர்தான் டயரைக் கடிச்சிக்கினு உடமாட்டேங்குது. கேஸ் கட்டர் எடுத்தாரச் சொல்லிட்டேன். அறுத்து வீசிட்டா வண்டி உருளும்."

"சாவி கெடைச்சா ஸ்டார்ட் பண்ணியாவது பாக்கலாம். நைனா எங்க வச்சிதோ தெர்ல" என்றான் பாஸ்கரன்.

சாவி நாகம்மாளின் இடுப்பில் இருந்தது. கட்டர் சிலிண்டரை மூன்று சக்கர சைக்கிளில் வைத்துத் தெருமுனையில் தள்ளிக்கொண்டு வருவது ஜன்னலில் தெரிந்தது. அவள் எழுந்தாள்.

நாத்தனார் சுசீலா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். "அண்ணி, எங்க போற? எடுக்கற வரைக்கும் எய்ந்துக்கக் கூடாது, உக்காரு."

"எடுக்கணும்னாதான் எய்ந்துக்கணும். உடுடி."

தலை நிறையப் பூவும், நெற்றியில் பெரிய பொட்டுமாக அவள் படியிறங்கி வந்ததைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"மொதல்ல சங்கிலிய அவுருங்க" என்றாள்.

"நாகு, நீ உள்ள போம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார் எத்திராஜ்.

"காலைலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கீங்க. எல்லாம் பம்பரையே பாத்தீங்க. வண்டி ரிவர்ஸ்ல மாட்டிக்கினு கீது. இந்தக் கார்ல கட்டை நூட்டர்ல நிக்கும், கியர் உள்ள மாட்டிக்கினே கெடக்கும்."

யாரோ சங்கிலியைக் கழற்றினார்கள். அவள் கதவைத் திறந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். சீட்டில் குட்டைத் தலையணை ஒன்று இருந்தது. கோவிந்தராஜுக்கு இடுப்பு வலி என்றுதான் எல்லோரும் அதுவரை நினைத்திருந்தார்கள். கிளச்சை இரண்டு தரம் மிதித்தாள். கியர்க் கட்டையை மேலே தூக்கி, அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். உள்ளே கிளுக்கென்றது. இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் போட்டாள். வண்டி கிளம்பித் தெருவில் இறங்கியது. திரும்பும்போது பம்பர் நுனி டயரில் கர்ரென்று உரசியது, அவ்வளவுதான். புங்கமரத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினாள்.

வீராசாமி கேட் தூணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்கரன், "அப்போ நைனா இடிக்கலயாம்மா?" என்றான்.

"உங்க நைனா எதுலயும் இடிக்கல" என்றாள். "பம்பர்ல எவனும் கை வைக்கக் கூடாது. அந்த சிலிண்டரை திருப்பி அனுப்பு."

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. மேளம் வந்தது, சங்கு ஊதியது, வாய்க்கரிசி போட்டார்கள். கோவிந்தராஜ் முன்வாசல் வழியாக, அகலமாகத் திறந்த கேட்டைத் தாண்டிப் போனார். அப்போதுதான் நாகம்மாள் அழுதாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, தெருவே கேட்க, "இன்னும் முழுசா நிமித்தலயேய்யா, பாதியில உட்டுட்டுப் போறியே" என்று அழுதாள். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

தெருவெல்லாம் பொரியும் சாமந்தியும். காரின் மேலேயும் விழுந்திருந்தது. வீட்டைக் கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த சுசீலா, "தலைக்கு ஊத்திக்கணும், வா அண்ணி" என்று கூப்பிட்டாள்.

"வண்டி ரோட்ல நிக்குது. உள்ள உட்டுட்டு வரேன்."

ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ரிவர்ஸைப் போட்டாள். தூணைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, போக வேண்டிய இடத்தை மட்டும் பார்த்து மெதுவாக உள்ளே விட்டாள். வண்டி எதிலும் உரசாமல் கேட்டுக்குள் நுழைந்தது. முன் பம்பர், காலையில் அவர் நின்ற தூணுக்கு நேராக வந்ததும், யாரும் கை காட்டாமலே, பிரேக்கை மிதித்தாள்.