எட்டாவது கால்

சந்தேகம் மற்றவர்களுக்கெல்லாம் ஒரு குணம். நம்ம பூதக்கண்ணாடிக்கு அது உத்தியோகம். சட்டை தைக்கிற கம்பெனியில் கடைசி மேசை அவருடையது. தைத்து, பட்டன் வைத்து, எல்லாரும் அப்பாடா என்று நிமிர்ந்த பிறகுதான் சட்டை அவரிடம் வரும். காலரைத் திருப்புவார், அக்குளை விரிப்பார், தையலை விரலால் நீவுவார். பிசிறு கண்ணில் பட்டால் சட்டைப் பையிலிருந்து டிரிம்மர் என்கிற குட்டிக் கத்தரியை எடுத்து சிக்கென்று ஒரு வெட்டு. தேறாத சட்டையை ஓரமாக எறிந்து "ரிஜெக்ட்" என்பார். பூதக்கண்ணாடி என்று அவருக்குப் பெயர் வைத்தது பக்கத்து மேசையில் அயர்ன் பண்ணுகிறவர். வாய் ஓயாத மனுஷன் என்பதால் அவருக்குப் பெயர் ரேடியோ.

கம்பெனியில் எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், யார் வேண்டாமென்றது? இவர் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்காமல் வீட்டுக்கும் கொண்டுவந்தார். போன வருஷம் அவருடைய ஒரே மகள், ஒரு பஞ்சர் கடைப் பையனைக் கூட்டிவந்து, "இவரைத்தான்பா கட்டிக்கப் போறேன்" என்று எதிரில் நிறுத்தினாள். அவர் பையனை மேலிருந்து கீழே பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். சட்டையில் மேல் பட்டன் இல்லை. உட்காரச் சொல்லவில்லை, பேர்கூடக் கேட்கவில்லை.

"ரிஜெக்ட்" என்றார்.

மகள் அழவில்லை, கத்தவில்லை. பையனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் வீட்டம்மாவிடம் விரலை ஆட்டிச் சொன்னார்: "இனிமே அவகூட எந்தப் பேச்சும் கிடையாது. எனக்குத் தெரியாம ஏதாவது நடந்துச்சு, அப்புறம் உன்கூடவும் எனக்குப் பேச்சு கிடையாது." வீட்டம்மா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இவர் அதை சரி என்று எடுத்துக்கொண்டார். கணக்கு பிசகியது அங்கேதான்.

அதற்கப்புறம்தான் குரோஷா பின்னல் வீட்டுக்குள் நுழைந்தது. போனில் யாரோ போட்டுக் காட்டியதைப் பார்த்துப் பார்த்து வீட்டம்மா கற்றுக்கொண்டார். பேனா நீளத்துக்கு ஒரு ஊசி, அதன் நுனியில் ஒரு கொக்கி. நூலை மாட்டி இழுத்தால் ஒரு கண்ணி, அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி, அவ்வளவுதான் வித்தை. ஆனால் அதில் என்ன சுகம் கண்டாரோ, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. உதடு முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே இருக்கும். அடுப்பில் பால் பொங்கி வழிவதுகூட அடுத்த வரிசை முடிந்தால்தான் தெரியும். ஒரு பை முடிந்ததும் அதைத் தூரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்து, தானே சிரித்துக்கொள்வார். மகள் போன பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

போட்டதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடுவார். மாடி வீட்டு டீ கெட்டிலுக்கு ஒரு உறை, தபால்காரருக்கு ஒரு குல்லா, ரேடியோவின் மகளுக்கு ஒரு முயல் பொம்மை. பூதக்கண்ணாடிக்கு இது பிடிபடவே இல்லை.

"சும்மாவா குடுக்கிற?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது குடுப்பாங்களா? யார் காதுல பூ சுத்துற?"

"எனக்குப் போடப் பிடிக்குது. அவங்களுக்கு வாங்கப் பிடிக்குது. இதுல என்னத்தைத்தான் கண்டுபிடிக்கப் போறீங்க?"

அவருக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு போட்டுத் தந்திருந்தார். வாங்கின கையோடு அதை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி, "இங்க ஒரு கண்ணி லூசா இருக்கே" என்றார் மகானுபாவர்.

"உங்களுக்கு வேலை வேணுமேன்னு நான்தான் விட்டு வச்சேன்" என்றார் வீட்டம்மா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் இந்த வாரம் அவருக்கு மூக்கு வியர்த்தது. முதலில், அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே வீட்டம்மா மடியில் இருப்பதை எடுத்துக் குஷனுக்கு அடியில் செருகினார். இத்தனை நாளாக எதையும் மறைத்ததில்லை. அப்புறம், மத்தியானங்களில் வீடு பூட்டியிருப்பதாக மாடி வீட்டில் சொன்னார்கள். கேட்டால், "நூல் வாங்கப் போனேன்" என்று பதில். நூல் எங்கே என்றால், "நான் தேடின கலர் இல்ல." எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தபோது அடுப்பில் ஒரு பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். உள்ளே நூல்கண்டு வெந்துகொண்டிருந்தது.

"என்ன இது?"

"அழுக்கு போகட்டும்னு."

புது நூலில் என்ன அழுக்கு? யாருக்குக் காது குத்துகிறாள்? அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தார். மனசுக்குள் டிரிம்மர் திறந்துகொண்டது.

வார விடுமுறையன்று காலை வீட்டம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் குஷனைத் தூக்கினார். அடியில் ஒரு துணிப்பை. பைக்குள் இருந்தது ஒரு பொம்மை. என்ன பொம்மை என்றுதான் தெரியவில்லை. எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைத் தலை. நூலாலேயே போட்ட இரண்டு கண். கழுத்து இல்லை, உடம்பு இல்லை. தலைக்குக் கீழே நேராகக் கால்கள், சுருள் சுருளாக, எட்டு. தொட்டுப் பார்த்தார். வீட்டம்மா வழக்கமாகப் போடுகிற கம்பளி நூல் இல்லை, பருத்தி. கொதிக்க வைத்ததில் நூல் சுருங்கி இறுகியிருந்தது.

கம்பெனியில் சந்தேகமான துணி வந்தால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்வது வழக்கம். சாம்பிள் என்பார்கள். யோசித்துச் செய்தாரா, கை தானாகச் செய்ததா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. டிரிம்மர் வெளியே வந்தது. சிக். ஒரு கால் அவர் உள்ளங்கையில் விழுந்தது. பொம்மையின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டை வாயைப் பிளந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. பொம்மையைப் பைக்குள் போட்டு, பையைக் குஷனுக்கு அடியில் தள்ளி, அதன் மேலேயே உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

சாயங்காலம் வீட்டம்மா பொம்மையைப் பார்த்தார். மறைக்கக்கூட மறந்துபோய் அதைத் திருப்பி ஓட்டையைப் பார்த்தார். அப்புறம் பூதக்கண்ணாடியின் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

"என்ன தைக்கிற?" என்றார் இவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்ல. பிரிஞ்சிருக்கு."

ஒரு வார்த்தை சண்டையில்லை, யார் வெட்டியது என்று ஒரு கேள்வியில்லை! மடியில் கனமில்லாதவள் என்றால் இந்நேரம் வீட்டை இரண்டாக்கியிருக்க வேண்டாமா? வாயே திறக்கவில்லை என்றால் விஷயம் பெரியது. அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கம்பெனியில் வெட்டிய பொம்மைக் காலை ரேடியோவிடம் காட்டினார். ரேடியோ அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"உருண்டைத் தலை, எட்டு காலு, வெந்நீர்ல வேகவச்ச நூலு. அண்ணே, இது நல்லதுக்கில்ல. மந்திரம்."

"மந்திரமா? யாருக்குய்யா?"

"வீட்டுல உங்களை விட்டா வேற யார் இருக்கா?" ரேடியோ குரலைத் தாழ்த்தினார். "அதுல ஒரு காலை வேற வெட்டிட்டீங்க. உங்க முழங்கால் எப்படி இருக்கு?"

"போய்யா, நீயும் உன் மந்திரமும்!" என்று காலைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் அன்று சாயங்காலம் பஸ் ஏறும்போது வலது முழங்கால் வலித்தது என்னவோ நிஜம்.

மந்திரத்தை அவர் நம்பவில்லை. அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு. மகளை அனுப்பிவிட்ட வீட்டில் மிச்சம் இருப்பது இந்த ஒருத்தி. அவளும் தனக்குத் தெரியாமல் எங்கேயோ போய் வருகிறாள், யாருக்காகவோ எதையோ செய்கிறாள். இவளும் போய்விட்டால்? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். பிடித்து என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லீவு போட்டதைக் கேட்டு மேனேஜருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும். மத்தியானம் வீட்டம்மா துணிப்பையோடு வெளியே வந்தார். நடையில் அவசரம். பஸ்ஸில் அவர் முன்பக்கம் ஏற, இவர் பின்பக்கம் ஏறி ஒரு குண்டு மனிதருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார். வீட்டம்மா இறங்கிய இடம் பெரிய ஆஸ்பத்திரி.

இவரும் அவசரமாகக் குதித்து இறங்கினார். உடம்புக்கு ஏதாவதா? சொன்னால் துருவித் துருவிக் கேட்டே கொன்றுவிடுவான் என்று சொல்லாமல் இருக்கிறாளா? வேறு எது வேண்டுமானாலும் இருக்கட்டும், அது மட்டும் வேண்டாம் என்று முனகிக்கொண்டே பின்னால் போனார். மாடிப்படி, நீள வராந்தா, பினாயில் வாசனை. ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

வராந்தாவின் கோடியில் ஒருவன் பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டம்மாவை நோக்கி ஓடிவந்தான். பஞ்சர் கடைப் பையன்.

"மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் வீட்டம்மா.

மாப்பிள்ளையாம்! கேட்ட தொனியில் புதுசாக எதுவும் இல்லை. பல நாள் கேட்டுப் பழகிய வாய். ஆக, ஒரு வருஷமாகத் தன் பேச்சுக்கு வீட்டில் மரியாதை இவ்வளவுதான். ரத்தம் தலைக்கேறியது. தண்ணீர்த் தொட்டியை விட்டு வெளியே வந்தார்.

"நூல் வாங்க வந்தியாக்கும்?"

வீட்டம்மா திரும்பினார். பயப்படவில்லை. திட்டவும் இல்லை. உதட்டில் விரலை வைத்து, "கத்தாதீங்க. உள்ள குழந்தைங்க" என்றார்.

அப்போதுதான் அவர் கண்ணாடிச் சுவரைப் பார்த்தார். அதற்கு அப்பால் வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒன்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு மகள் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. தொட்டிக்குள் கிடந்ததைக் குழந்தை என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு சின்னது. மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய்.

"ஏழாம் மாசமே பொறந்துட்டா மாமா" என்றான் பையன். "கையில எதுவும் இல்லைன்னா மூக்குக் குழாயைப் பிடிச்சு இழுத்துடுறா. ராத்திரி ரெண்டு தடவை பிடுங்கிட்டா. நர்சம்மாதான் இந்த ஆக்டோபஸ் பொம்மையைப் பத்திச் சொன்னாங்க, கிருமி போகக் கொதிக்க வச்ச நூல்ல போடணும்னு. சுருள் காலைப் பிடிச்சுக்கிட்டா, தாய் வயித்துல தொப்புள்கொடியைப் பிடிச்சிருந்த மாதிரி அடங்கி இருக்குமாம்."

நர்ஸ் வந்து துணிப்பையை வாங்கினார். பொம்மையைத் திருப்பி, ஒவ்வொரு காலையும் பிடித்து இழுத்துப் பார்த்தார். இழுத்தால் வரக் கூடாதே என்று பூதக்கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏழு கால்தான் இருக்கு?" என்றார் நர்ஸ்.

"ஒண்ணு போயிடுச்சும்மா. புதுசா போட நேரமில்ல. ஓட்டையை இறுக்கி மூடித் தச்சிருக்கேன்" என்றார் வீட்டம்மா. நர்ஸ் ஓட்டை இருந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

"எலி கடிச்சிடுச்சுன்னு நினைச்சியா?" என்றார் பூதக்கண்ணாடி மெல்ல.

"எலி இவ்வளவு நேரா வெட்டாது."

கண்ணாடிக்கு அப்பால் நர்ஸ் பொம்மையைக் குழந்தையின் பக்கத்தில் வைத்தார். தீக்குச்சி மாதிரி ஐந்து விரல் துழாவியது. குழாயைத் தொட்டது, விட்டது, ஒரு சுருள் காலில் பட்டது, இறுகியது. அப்புறம் அசையவே இல்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோதுதான் அப்பாவைப் பார்த்தாள். வீட்டம்மாவும் பையனும் ஒரு அடி தள்ளிப் போனார்கள்.

"செக் பண்ண வந்தீங்களாப்பா?" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "பார்த்தீங்கல்ல? சொல்லுங்க. அவளும் ரிஜெக்டா?"

பூதக்கண்ணாடி சட்டைப் பையில் கையை விட்டு அந்தக் காலை எடுத்தார். இரண்டு நாளாக டிரிம்மரோடு கிடந்ததில் அதன் சுருள் கொஞ்சம் பிரிந்திருந்தது.

"நான்தாம்மா வெட்டினேன்" என்றார். "அவமேல எந்தக் குறையும் இல்ல. மாப்பிள்ளைமேலயும் இல்ல."

சொல்லிவிட்டு, அதை வீட்டம்மாவிடம் நீட்டினார். "இதைத் தச்சிடு. இப்பவே தச்சிடு. கொதிக்க வேற வைக்கணுமா? நான் போய் வெந்நீர் வாங்கிட்டு வர்றேன்."

"தைக்கணும்னா பொம்மையை வெளியே எடுக்கணுங்க" என்றார் வீட்டம்மா, கண்ணாடியைக் காட்டி. "பாருங்க, அவ பிடியை விடமாட்டா."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வராந்தாவில் ஒரு தள்ளுவண்டி கடகடவென்று போனது. மகள் அந்தக் காலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்கு வந்ததும் தச்சுக்கலாம்பா" என்றாள்.

எந்த வீட்டுக்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. பூதக்கண்ணாடி அதைக் கேட்கவில்லை.