ஈரம் காயாத ராஜா

அடைக்கலம் ஆட்டுக்குட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை அடித்த முதுகில் பிரஷ்ஷின் மயிர்கள் படுத்துக் கிடந்தன. நகத்தால் ஒன்றை எடுக்கப் போனால் பெயிண்டும் கூடவே உரிந்து வந்தது. அந்த இடத்தைத் திரும்பத் தடவினால் பக்கத்து இடம் வழித்துக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்தவர். உச்சிவேளை ஆகியும் ஓர் ஆடுகூட முடியவில்லை. அவருக்குப் பின்னால் மரப்பெட்டி திறந்திருந்தது. அதற்குள் கிறிஸ்துமஸ் குடில் சிலைகள், மாதாவும் சூசையப்பரும் சிறகு வைத்த சம்மனசும் மூன்று ராஜாக்களும், வைக்கோலில் மல்லாந்து கிடந்தார்கள். ஐப்பசி மழையில் தெருச் சங்கத்தின் ஓட்டுக் கொட்டகை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. எல்லோர் உடம்பிலும் நிறம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. முகங்கள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன.

இந்தப் பெட்டி வீட்டுக்கு வந்தது அக்னஸால். பாலக்கரைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னத் தெருவில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பொதுவாக ஒரு குடில் வைப்பார்கள். அந்த வருஷம், அறுபத்திரண்டில், சுரூபங்கள் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசப் பெண்கள் லூர்துராணி வீட்டில் கூடினார்கள். பேச்சு எங்கெங்கோ போய் அடைக்கலத்திடம் வந்து நின்றது.

"உங்க வீட்டுக்காரர் குரலை நான் கேட்டதே இல்லக்கா. குடி வந்த புதுசுல ஊமைன்னுதான் நெனச்சேன்" என்றாள் லூர்துராணி. எல்லோரும் சிரித்தார்கள். அக்னஸும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அவரு பொன்மலையில பெயிண்ட் ஷாப்புல இருக்கார். சுரூபமெல்லாம் அவரே புதுசாக்கிக் குடுத்துடுவார்" என்று சொல்லிவிட்டாள்.

இதை அவள் ஒளிக்கவில்லை. பெட்டியைக் கூடத்தில் இறக்கிவைத்த கையோடு எல்லாவற்றையும் சொன்னாள், ஊமை என்று சொன்னதையும் சேர்த்து.

"நான் ஸ்டோர்ல இருக்கேன். டின் எடுத்துக் குடுக்கிறேன்" என்றார் அடைக்கலம்.

"பதினஞ்சு வருஷமா குடுக்கிறீங்க. ஒரு நாளாச்சும் உள்ள எட்டிப் பாத்திருக்க மாட்டீங்களா?"

"மருந்துக் கடையில பொட்டலம் கட்டுறவன் ஆபரேஷன் பண்ணுவானா?"

"பாத்தீங்களா, எவ்வளவு நல்லாப் பேசுறீங்க. இதைத் தெருவுல பேசுனா என்ன?"

அவர் பெட்டியின் மூடியைத் திறந்தார். பேச்சு அவருக்கு வெறுப்பானதல்ல. ஒருவர் ஒன்று சொன்னால் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றும். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்கள். பிறகு அந்தப் பதிலைத் தானே வைத்துக்கொள்வார். அப்படி வைத்துக்கொண்ட பதில்கள் அவரிடம் நிறைய இருந்தன. மாலையில் நூலகப் புத்தகத்தோடு வாசலில் உட்காரும் அவரைத் தாண்டிப் போகிறவர்கள் கர்வம் என்றார்கள். அக்னஸ் மட்டுமே அந்தப் பதில்களில் சிலவற்றைக் கேட்டிருக்கிறாள், வாரம் கழித்தோ மாதம் கழித்தோ, சோற்றைப் பிசையும்போது. அவை நன்றாக இருக்கும். இவ்வளவையும் தான் ஒருத்தியே கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்கு ஒரு குறையாக இருந்தது. இந்தக் குடில் ஒழுங்காக அமைந்தால் தெரு அவரை ஒரு முறையாவது நின்று பார்க்கும். சொதப்பினால் ஊமை என்பதோடு இன்னொரு பேரும் சேரும்.

அடைக்கலம் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஆட்டை வைத்த பழைய தட்டில் காலையிலிருந்து வழிந்த வெள்ளை குளம் கட்டியிருந்தது. அதில் ஒரு சொட்டுப் பச்சை எப்போது விழுந்ததோ, நுனி சுருண்டு, கலக்காமல், வெள்ளைக்குள் ஒரு கொடி மாதிரி படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பொன்மலை ரயில் பட்டறை நினைவு வந்தது.

ஸ்டோர் ஜன்னலிலிருந்து பெயிண்ட் ஷாப்பின் ஒரு மூலை தெரியும். ரயில் பெட்டிகளின் கொக்கி, கைப்பிடி போன்ற சின்ன இரும்புச் சாமான்களுக்கு அங்கே பிரஷ் கிடையாது. கம்பியில் தொங்கவிட்டு, குவளையால் பெயிண்டை மொண்டு மேலிருந்து ஊற்றுவார்கள். ஒட்டுவது ஒட்டும். மிச்சம் கீழே நீளத் தட்டில் விழும். சிவப்பு ஓடியதன் மேல் பழுப்பு, பழுப்பின் மேல் பச்சை. எந்த நிறமும் மற்றதைக் கெடுக்காமல் சுழித்துக்கொண்டு நிற்கும். சாமான்களை விட்டுவிட்டு அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார் அடைக்கலம். வெள்ளம் வடியும்போது காவேரி ஓரத்து மணலில் இப்படித்தான் வரி விழும் என்று ஒருநாள் தோன்றியது. அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஆட்டைத் துடைத்து, வயிற்றில் கம்பியைச் சுற்றி, கொல்லைப்புறத் துணிக்கொடியில் தொங்கவிட்டார். எனாமலில் டர்பன்டைன் விட்டு இளக்கினார். கீழே தட்டை வைத்து, தகரக் குவளையால் வெள்ளையை முதுகில் ஊற்றினார். அது முதுகிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து காலுக்கு, ஒரு பால் ஆடைபோல இறங்கியது. ஒரு கீறல் இல்லை. ஒரு மயிர் இல்லை. அடைக்கலம் தன்னையறியாமல், "அடி சக்கை" என்றார். அடுப்படியிலிருந்த அக்னஸ் யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

மற்ற ஆடுகளும் அப்படியே முடிந்தன. தைரியம் வந்தது. ராஜாக்களில் தாடி வைத்தவரை எடுத்துத் தொங்கவிட்டார். குவளையில் முதலில் கரும்பச்சை, அதன் மேல் சிவப்பு, அதன் மேல் கொஞ்சம் மஞ்சள். கலக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிரீடத்தின் உச்சியில் சாய்த்தார்.

மூன்று நிறமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அங்கியின் மடிப்புகளில் இறங்கின. பச்சைக்குள் சிவப்பு நரம்பு ஓடியது. அதன் விளிம்பில் மஞ்சள் மெல்லிய ஜரிகையாக நீண்டது. எந்தக் கையாலும் வரைய முடியாத ஒரு பட்டு அவர் கண்ணெதிரே தன்னைத்தானே நெய்துகொண்டு கீழே போனது. அங்கியையே பார்த்துக்கொண்டிருந்தவர் வெகுநேரம் கழித்துத்தான் மேலே பார்த்தார்.

அக்னஸ் மாவுக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கண்ணு எங்க?" என்றாள்.

ராஜாவுக்குக் கண் இல்லை. மூக்கு ஒரு சிறு மேடாக இருந்தது. தாடியும் வாயும் ஒன்றாகி வழவழவென்று முடிந்துவிட்டன. பட்டறையில் அவர் பார்த்த எந்தக் கைப்பிடிக்கும் முகம் இருந்ததில்லை.

துணியை எடுத்துத் துடைக்கப் போனவரின் மணிக்கட்டை அவள் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. துடைச்சா அடியில இருக்கிற பழைய கண்ணும் சேந்து வந்துடும். அங்கியும் போயிடும்." பிறகு குனிந்து அங்கியைப் பார்த்தாள். "இது எப்படிங்க வந்துச்சு?"

"தானா வந்துச்சு."

"முகமும் தானாத்தான் போச்சு" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் சிரிப்பு அடங்கியபோது அவள் முகத்தில் பயம் இருந்ததை அவர் பார்த்தார். "மாதாவை இப்படி ஆக்கிட்டா நாம ஊரை விட்டே ஓடணும்."

சோமாசுக்குப் பிசைந்த மைதா மாவு அவள் கையிலேயே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள், பெட்டிக்குள் கிடந்த மாதாவைப் பார்த்தாள். உள்ளே போய் ஓர் உருண்டையோடு வந்தாள். "மாதாவே, பொறுத்துக்கோ" என்று சொல்லி, உருண்டையைத் தட்டி, மாதாவின் முகத்தில் வைத்து ஓரங்களை அழுத்தினாள். சூசையப்பருக்கும் சம்மனசுக்கும் மிச்ச ராஜாக்களுக்கும் அதையே செய்தாள். மாவு முகத்தோடு அவர்கள் வரிசையாக நின்றது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சேசு பாலனை மட்டும் அவள் தரவில்லை. "குழந்தையை ஒண்ணும் பண்ண வேண்டாம், துடைச்சு வச்சாப் போதும்."

அன்று பொழுது சாயும்வரை இருவரும் கொல்லையில் இருந்தார்கள். அவர் ஊற்றினார், அவள் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தாள். மாதாவுக்கு நீலமும் வெள்ளையும், சூசையப்பருக்குப் பழுப்பும் மஞ்சளும். எங்கே சாய்த்தால் எங்கே ஓடுகிறது என்று போகப்போகத் தெரிந்தது. "இடது பக்கம் கொஞ்சம்... ஐயோ போதும் போதும்" என்பாள். கடைசியில் மாவை மெல்ல உரித்தபோது, மழைக்கும் தப்பிய பழைய முகங்கள் புது அங்கிகளுக்கு மேல் லேசான திகைப்போடு வெளியே வந்தன. உரித்த மாவின் உட்பக்கம் மாதாவின் முகம் பள்ளமாகப் பதிந்திருந்தது. அக்னஸ் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போட மனமில்லாமல் நின்றாள்.

"அதையும் எண்ணெயில போட்டுடாத" என்றார் அடைக்கலம். அவள் அவர் தோளில் இடித்தாள்.

அடுத்த தவறு மறுநாள் தெரிந்தது. காலையில் மாதாவின் அங்கியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் நீலம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஜன்னலிலிருந்து ஊற்றுவதைப் பார்த்தவர், அதன் பிறகு அந்தச் சாமான்கள் எங்கே போகும் என்பதை மறந்திருந்தார். அவற்றைச் சூட்டறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார்கள். அந்தக் கதவைத் தாண்டிச் சாப்பிடப் போகும்போதெல்லாம் அனல் அவர் கன்னத்தில்தான் அடிக்கும். மார்கழிப் பனியில், அவ்வளவு தடிமனாக ஊற்றிய எனாமல் எப்படிக் காயும்? அக்னஸ் கரி அடுப்பைக் கொண்டுவரப் போனாள். டர்பன்டைன் பற்றிக்கொள்ளும் என்று தடுத்துவிட்டார். பகலில் வெயில் நகர நகர அவள் சுரூபங்களை நகர்த்தினாள். சூசையப்பரின் தோளில் ஓர் ஈ ஒட்டிச் செத்தது. அதை ஊசியால் எடுத்தாள்.

"சங்கத்துத் தங்கையன் அண்ணன்கிட்ட சொல்லிடவா? வேற யாரையாவது வச்சு..." என்று ஆரம்பித்தாள்.

அவர் யோசித்தார். "வேணாம். அப்படியே எடுத்துட்டுப் போவோம்" என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம், அடிப்பக்கத்தை மட்டும் பிடித்து, தெருவழியே ஒவ்வொன்றாக அவர்களே தூக்கிப்போனார்கள். மூங்கிலும் வைக்கோலும் வேய்ந்த குடிலுக்குள் சிவப்புக் காகிதம் சுற்றிய பல்பு எரிந்தது. ஆடுகளை இறக்கியதும் வைக்கோல் தூசி பறந்து முதுகெல்லாம் அப்பிக்கொண்டது. லூர்துராணி, "அக்கா, ஆட்டுக்கெல்லாம் மயிர் மொளைச்சிருக்கு!" என்று கத்தினாள். யாரையும் தொடவிடாமல் அக்னஸே உள்ளே குனிந்து அடுக்கினாள். முகமில்லாத ராஜாவை அடைக்கலம் வாங்கி, முன்வரிசையில், முதுகு தெருவைப் பார்க்க, முகம் தொட்டிலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அந்தப் பட்டு அங்கி முழுவதும் வெளிச்சத்தில் விழுந்தது.

சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துக் குடிலை மந்திரித்தார். தெரு கூடிவிட்டது. அக்னஸ் குடிலின் ஓரத்தில் முழந்தாளிட்டிருந்தாள். எழுந்திருக்கப் பார்த்தபோது முந்தானை வரவில்லை. அது ராஜாவின் அங்கியில் நன்றாகப் படிந்து ஒட்டியிருந்தது. இழுத்தால் ராஜா மல்லாந்து விழுவார். விழுந்தால் முகம் வெளியே வரும். அவள் அசையாமல், தலையைத் திருப்பாமல், "ஏங்க" என்றாள் மிக மெதுவாக.

அவர் வந்து அவளை ஒட்டி முழந்தாளிட்டார்.

பின்னால் சங்கத்துத் தங்கையனின் கனத்த குரல் கேட்டது. "அக்னஸ், எல்லாம் அம்சமா இருக்கும்மா. ஆனா இந்த ராஜா மட்டும் ஏன் நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறார்?"

வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்வாள். இப்போது அவளால் திரும்ப முடியாது. கூட்டம் காத்திருந்தது. யாரோ செருமினார்கள். அடைக்கலம் தொட்டிலைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். அக்னஸ் கண்களை மூடிக்கொண்டாள்.

"அவரு ரொம்ப தூரத்துலேருந்து வந்திருக்கார், அண்ணே" என்றார் அடைக்கலம். குரல் கரகரத்தது, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. "குழந்தையைப் பாக்க வந்தவரு. நம்மளை ஏன் பாக்கணும்?"

தலைகள் ராஜாவின் பக்கம் சாய்ந்தன. பிறகு தங்கையன், "அது சரி" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. லூர்துராணி ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் முன்வரிசையில் யாரோ பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். தெரு முழுவதும் சேர்ந்துகொண்டது.

பாட்டின் மறைவில் அடைக்கலம் முந்தானையின் ஓரத்தை விரல்நுனியால் பிடித்து, நூல் நூலாக உரிக்கத் தொடங்கினார். அவசரப்படவில்லை. பல்பின் சூட்டில் ராஜாவின் அங்கியில் சிவப்பு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அது பச்சையைத் தாண்டி, வெள்ளைப் புடவையின் கரைக்குள் மெல்ல நுழைந்து, அங்கே ஒரு புது வரியாகச் சுழித்தது. அக்னஸ் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு, மூச்சையும் அடக்கி, கொஞ்சமும் நகராமல் இருந்தாள்.