நாற்பத்து மூன்றாம் உறை

நாற்பத்தாறு வயதில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் நாள், துறை அலுவலக எழுத்தர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். எனக்குப் பின்னால் முதுகுப்பையோடு வந்த பெண்ணிடம், மாணவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும் என்றார். அந்தப் பெண்தான் என் வழிகாட்டி. வயது முப்பத்து நான்கு. அவர் மறுபேச்சு பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார். பதறிப் போனது நான்தான்.

அதற்கு முன் இருபத்து மூன்று வருடம் வார்டில் செவிலியராக இருந்தேன். பக்கவாதம் வந்தவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பதும், அவர்கள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுவதும் என் வேலை. அந்த அனுபவத்துக்காகவே மேடம் என்னைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். பிறர் முன்னிலையில் நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை எப்போதும் அக்கா என்பார். வீட்டில் என் மகளுக்கு இது பெரிய வேடிக்கை. கல்லூரியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றாமலே, "என்னம்மா, ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்று கேட்பாள்.

எங்கள் ஆராய்ச்சியை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தில் கை விழுந்தவர்கள் அறுபது பேர். ஒரு பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் வீட்டுக்கே போய்க் கைப்பயிற்சி கொடுப்போம். மறு பாதிப் பேருக்குப் படம் போட்ட கையேடு ஒன்றைக் கொடுத்து, ஒரு முறை செய்து காட்டி அனுப்புவோம். ஆறு மாதம் கழித்து யாருக்குக் கை எவ்வளவு வந்திருக்கிறது என்று அளப்போம். யார் எந்தப் பாதி என்பதை நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. அதற்காகப் புள்ளியியல் துறை, எண் போட்ட அறுபது பழுப்பு உறைகளை ஒட்டி அனுப்பியிருந்தது. ஒருவர் சம்மதித்ததும் அடுத்த எண் உறையின் மேல் அவர் பெயரை எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் சீட்டு சொல்வதுதான் முடிவு. உறைகள் என் மேஜை இழுப்பறையில் இருந்தன, சாவி என் இடுப்பில்.

குழுவில் இன்னொரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தவறு நோட்டு என்று ஒரு நீள நோட்டு சுற்றி வரும். அந்த வாரம் செய்த தவறை அவரவர் எழுத வேண்டும். முதலில் மேடம் எழுதுவார். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, இப்போது என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்கலாம். நானும் வாராவாரம் எழுதினேன். படிவத்தில் தேதி விட்டுப்போனது, கோப்பை மாற்றி அடுக்கியது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் புதிதாக வருபவர்களுக்கு மேடம் என் பக்கங்களைத்தான் காட்டுவார். அந்தப் பக்கங்களில் ஒரே ஒரு தவறை மட்டும் நான் எழுதவில்லை.

அது நடந்த அன்று, ஒரே காலையில் இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற கட்டட வரைபடக்காரர். மனைவி ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். விரல்கள் கொஞ்சம் அசைந்தன, வாய் நிறைய அசைந்தது. அடுத்து வந்தவர் ஒரு தையல்காரம்மா. தனியாகப் பேருந்தில் வந்திருந்தார். வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் போல அவர் மடியில் கிடந்தது. இருவரும் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார்கள், தையல்காரம்மா இடது கையால்.

நான் பெயர் எழுதாமல் நாற்பத்து மூன்றாம் உறையைப் பிரித்தேன். வீட்டுப் பயிற்சி. நாற்பத்து நான்கையும் பிரித்தேன். கையேடு. முறைப்படி முதல் உறை வரைபடக்காரருடையது. அதன் மேல் தையல்காரம்மாவின் பெயரை எழுதினேன். வார்டில் ஒரே ஒரு காற்று மெத்தை இருந்தால் அதை யாருக்குப் போடுவது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. அப்படித்தான் இதையும் செய்தேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் ஓடியது. என் ஆய்வேட்டில் நான்கு அத்தியாயம் முடிந்துவிட்டது. கையை அளப்பவன் எங்கள் குழுவின் இளையவன். டீ குடிப்பதைக்கூட நேரம் பார்த்துக் குடிப்பான் என்பதால் அவனுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். யார் எந்தப் பாதி என்பது அவனுக்குத் தெரியக் கூடாது. ஒன்பது குச்சிகளைத் துளைகளில் செருகி, திரும்ப எடுத்து வைக்க எத்தனை நொடி என்று குறித்து என்னிடம் தருவான். நான் கணினியில் ஏற்றுவேன். தையல்காரம்மாவுக்கு முப்பத்தெட்டு நொடி. உள்ளுக்குள் குளிர்ந்து போனேன். மூன்று நாள் கழித்து வரைபடக்காரர் வந்தார். தொண்ணூற்று நான்கு நொடி, இரண்டு குச்சி கீழே விழுந்தது.

வெளியே வந்தவர் சட்டைக் கைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். நான் போட்டுவிட்டேன்.

"கையேட்டுல இருக்கறதெல்லாம் ஒரு நாள் விடாம பண்றேம்மா," என்றார். "ஆனா யாரு வரைஞ்சது அது? கட்டை விரலத் தப்பா போட்டிருக்காங்க. அதப் பாத்துப் பண்ணா என் விரல் எப்படி வரும்?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வாரம் சோறு இறங்கவில்லை. சொன்னால் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவுக்குப் போகும். அவர்கள் ஆய்வையே நிறுத்தலாம், என் பட்டம் போகும். அது போகட்டும். மேடம் தனியாக ஏற்று நடத்தும் முதல் ஆய்வு இது, அவர் பெயரும் சேர்ந்து போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உறைமேல் பெயர் ஒழுங்காக இருக்கிறது, என் கையெழுத்தும் அழகாக இருக்கிறது. மகள் வழக்கமான கேலியை விட்டுவிட்டு, யார் திட்டினார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் யாரும் திட்டவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை நோட்டு என்னிடம் வந்தபோது தேதி, உறை எண், செய்தது, செய்த காரணம் என்று ஏழு வரி எழுதி மேடத்திடம் தள்ளினேன். அவர் வழக்கம்போல உரக்க வாசிக்கத் தொடங்கி, உறை எண்ணோடு நிறுத்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இன்னும் பதினாறு பேர அளக்கணும்ல, நீங்க இதக் கேக்கக் கூடாது."

தன்மேல்தான் ஏதோ புகார் என்று நினைத்து ஸ்டாப்வாட்ச் முகம் வெளுத்துப் போனான். மேடம் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்க்கா?"

"அந்த அம்மாவுக்குன்னு யாருமில்ல மேடம். ஐயாவுக்கு விரலாவது அசைஞ்சுது. இந்தம்மாவுக்குத்தான் பயிற்சி வேணும்னு தோணுச்சு."

"வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்குடுத்தா கை வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் குரல் ஏறியதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். "அது தெரிஞ்சிருந்தா ரெண்டரை வருஷமா நாம என்ன பண்ணிட்டிருக்கோம்? தெரியாதுன்னுதானக்கா சீட்டு?"

வார்டில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இங்கே தெரியாது என்று ஒப்புக்கொள்வதுதான் வேலை என்பது இரண்டரை வருடமாக எனக்கு உறைக்கவில்லை.

மேடம் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். என் ஏழு வரிக்குக் கீழே எழுதினார்: நோயாளியைப் பார்ப்பவர் ஒருவராகவும் உறையைப் பிரிப்பவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தது என் தவறு. கீழே கையெழுத்துப் போட்டார்.

அதை எழுத வேண்டாம், உங்கள் பெயர் கெட்டுப்போகும் என்று கெஞ்சினேன்.

"உங்க தப்ப நீங்க எழுதிட்டீங்க. என்னோடத நான் எழுத வேண்டாமா?" என்றவர், என் பக்கம் திரும்பாமலே, "அழுது முடிங்க. அப்புறம் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதத்த நீங்களே எழுதுங்க. எது நடந்துச்சோ அது மட்டும். பெயரடை எதுவும் வேண்டாம்," என்றார்.

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். நெறிமுறைக் குழு இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. என்னை விலக்கிவிடலாம் என்று ஒருவர் சொன்னாராம். மேடம் அங்கே என்ன பேசினார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. முடிவில் ஆய்வைத் தொடர விட்டார்கள். அந்த இருவரையும் சீட்டு சொன்ன பாதியிலேயே வைத்துக் கணக்குப் போட வேண்டும், நடந்ததை ஆய்வேட்டில் எழுத வேண்டும், இருவரிடமும் நேரில் சொல்ல வேண்டும். என் ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப் போனது. அளவெடுப்பு முடிந்துவிட்டதால் வரைபடக்காரருக்கு இப்போது வீட்டுப் பயிற்சி கொடுக்கலாம் என்றும் அனுமதி வாங்கினோம்.

தையல்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் தண்ணீர் கொடுத்தார்.

வரைபடக்காரர் வீட்டுக்கு மேடமும் கூட வந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் மனைவி கதவு ஓரத்திலேயே நின்றார். வரைபடக்காரர் தன் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"யாருக்குன்னு நான் கேக்கல. அவங்களுக்குக் கை வந்துச்சா?"

"வந்துச்சுங்க ஐயா. பயிற்சியாலதான் வந்துச்சான்னு சொல்லத் தெரியல. உங்களுக்கு வந்திருக்குமான்னும் தெரியல."

அவர் தலையாட்டினார். அது மன்னிப்பு இல்லை.

"இன்னிக்கு எனக்குக் கோவமா இருக்கும்மா. பயிற்சி வேணுமா வேண்டாமான்னு இன்னிக்குக் கேக்காதீங்க. வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை நான் மட்டும் போனேன். தெருமுனையில் இரண்டு தரம் திரும்பிவிடலாமா என்று நின்றேன். கதவு திறந்தே இருந்தது. ஜன்னல் ஓரமாக மேஜை போட்டு, அதன் மேல் ஒன்பது பென்சில்கள் ஒரே நீளத்துக்குச் சீவி அடுக்கியிருந்தன. பக்கத்தில் எங்கள் கையேடு. கட்டை விரலை அடித்துவிட்டு, இடது கையால் நடுங்கிய கோட்டில் சரியாக வரைந்து வைத்திருந்தார்.

"எத்தன மணிக்குன்னு சொல்லிட்டுப் போக மாட்டீங்களா?" என்றார். "காலைலேர்ந்து உக்காந்திருக்கேன்."

நான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, வலது கையை மேஜைமேல் எடுத்து வைக்கச் சொன்னேன்.